உங்களோடு வாழ்ந்த பூனையிடம் இருந்த விசித்திரமான பழக்கம் எது? இப்போதும் நினைவில் நிற்கிறதா?

ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால் தும்மலைத்தான் சொல்வேன்.

நான் தும்மினால் மசி பதில் கொடுப்பாள். வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும் சரி, அசந்து தூங்கிக்கொண்டிருந்தாலும் சரி, தொண்டைக்குள்ளிருந்து ‘ம்ர்க்’ என்று ஒரு சின்னச் சத்தம் வரும். மியாவ் இல்லை, உறுமலும் இல்லை. தூக்கக் கலக்கத்தில் யாராவது கூப்பிட்டால் ‘ம்’ கொட்டுவோமே, அந்த மாதிரி. அடுத்தடுத்து இரண்டு தும்மல் போட்டால் இரண்டு ‘ம்ர்க்’. வீட்டில் வேறு யார் தும்மினாலும் கண்டுகொள்ள மாட்டாள். நான் இருமினாலும் பதில் கிடையாது. வேண்டுமென்றே பொய்த் தும்மல் போட்டுப் பார்த்திருக்கிறேன். தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி சுருண்டுகொள்வாள். 15 வருடம் எங்களோடு இருந்தாள். ஒரு தும்மலைக்கூட அவள் தவறவிட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

கைக்குள் அடங்குகிற குட்டியாக வந்தாள். உடம்பு முழுக்கக் கறுப்பு. முதல் நாள் வெள்ளைத் தரையில் படுத்திருந்தபோது யாரோ மையைக் கொட்டிவிட்டது போலிருந்தது, அதனால் மசி என்று பெயர் வைத்தோம். ஆனால் அந்தக் கறுப்பு நிழலில்தான். ஜன்னலோரம் வெயிலில் மல்லாந்து கிடக்கும்போது பார்க்க வேண்டும். முடியின் நுனியெல்லாம் செம்பட்டை ஏறியிருக்கும். விலாப் பக்கம் மெல்லிசாக வரிகள் தெரியும். கறுப்புப் பூனைகள் பலவற்றின் உடம்பில் இப்படி வரி ஒளிந்திருக்கும்; கறுப்பு நிறமி மேலே படர்ந்து அதை மறைத்துவிடுகிறது. நல்ல வெயில் பட்டால், தெளிந்த தண்ணீருக்கு அடியில் கிடப்பது போல அது கண்ணுக்குத் தெரியும். அவளுக்கு எத்தனை வரி என்று எண்ணிவிட வேண்டும் என்று பல நாள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நான்கோ ஐந்தோ எண்ணுவதற்குள் புரண்டு படுத்துவிடுவாள்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வரமாட்டாள். காது மட்டும் வரும். கண்ணைக்கூடத் திறக்காமல், இடது காதை மட்டும் என் பக்கம் திருப்புவாள். 2019இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைத்தான் சோதித்து எழுதினார்கள்: வீட்டுப் பூனைகள் தங்கள் பெயரை மற்ற சொற்களிலிருந்து பிரித்து அறிகின்றன, ஆனால் அதற்குக் காதையோ தலையையோ அசைப்பதோடு பெரும்பாலும் நிறுத்திக்கொள்கின்றன என்று. அதைப் படித்த அன்றைக்கு மெதுவாக ‘மசி’ என்றேன். காது திரும்பியது. அது போதும் எனக்கு.

அப்புறம் தண்ணீர். அவளுக்கென்று வைத்த கிண்ணத்தை ஏறெடுத்தும் பார்க்கமாட்டாள். என் மேஜையில் இருக்கும் டம்ளர்தான் வேண்டும். அதிலும் வாய் வைத்துக் குடிப்பதில்லை. இடது முன்னங்காலை உள்ளே விட்டு, நனைத்து, ஒரு உதறு உதறி, விரல் இடுக்குகளில் தங்கிய தண்ணீரை நக்குவாள். மூக்குக்கு நேர் எதிரே, ஏறக்குறைய 25 சென்டிமீட்டருக்குள் இருப்பது எதுவும் பூனைக்குத் தெளிவாகத் தெரியாது. அசையாமல் நிற்கும் தண்ணீரின் மட்டம் எங்கே இருக்கிறது என்று கால் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொள்வேன். ஆனால் ஏன் எப்போதும் இடது கால்? 2018இல் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்டில் 44 பூனைகளை அவற்றின் வீடுகளிலேயே கவனித்து ஓர் ஆய்வு செய்தார்கள். பெட்டைப் பூனைகள் வலது காலையும், கடுவன்கள் இடது காலையும் முந்தவிடும் போக்கு அதில் தெரிந்தது. மசி பெட்டை. இருந்தும் டம்ளருக்கு இடது, கதவை நெம்ப இடது, என் கன்னத்தைத் தட்டி எழுப்பவும் இடதுதான்.

தமிழில் பூனையைப் பற்றிய பழமொழிகள் பெரும்பாலும் பூனைக்கு எதிராகவே இருக்கின்றன. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா என்று கேட்கிறோம். ஒரு பூனை நம்மைப் பார்த்தபடி மெல்லக் கண்ணை மூடித் திறப்பது, நம்மிடம் அதற்குப் பயமில்லை என்பதற்கான அடையாளம். மசி அறையின் அந்தக் கோடியில் உட்கார்ந்து என்னைப் பார்த்து அப்படிச் செய்வாள். நானும் திருப்பிச் செய்வேன். எங்களுக்குள் பாதிப் பேச்சு அப்படித்தான் நடந்தது.

சாக்ஸ் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இரவு விளக்கணைத்து அரை மணி நேரம் ஆனதும் கூடத்திலிருந்து ஒரு குரல் வரும். பகலில் ஒருபோதும் கேட்காத குரல். வாயில் எதையோ கவ்விக்கொண்டு கத்துவதால் அமுங்கி, நீளமாக, ‘ஊவ்... ஊவ்...’ என்று. நெருங்கிக்கொண்டே வந்து என் கட்டிலோரம் நிற்கும். பார்த்தால் என் சாக்ஸ் ஒன்று. துவைத்து மடித்து வைத்ததைத் தொடமாட்டாள். அன்றைக்கு நாள் முழுக்கப் போட்டுக் கழற்றியதுதான். கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். நான் தூங்குவது போல நடித்தால் அதை இன்னும் பக்கத்தில் இழுத்து வைத்துவிட்டு மறுபடி கூப்பிடுவாள். கையை நீட்டி சாக்ஸைத் தட்டி, “வாங்கிக்கிட்டேன்டி” என்று சொன்னால்தான் போவாள். தாய்ப் பூனை இரையைக் கவ்விக்கொண்டு வந்து குட்டிகளைக் கூப்பிடும். மசிக்குச் சின்ன வயதிலேயே கருத்தடை செய்தாயிற்று, குட்டி போட்டதில்லை. அவள் கணக்கில் நான்தான் வேட்டையாடத் தெரியாத குட்டி என்று நம்பவே எனக்குப் பிடிக்கும். ஒருமுறை ஐந்து நாள் வெளியூர் போய் வந்தேன். என் கட்டிலோரம் ஐந்து சாக்ஸ்கள் கிடந்தன. துணிக்கூடையின் அடிவரை தோண்டி எடுத்திருக்கிறாள்.

அவளுக்கு 13 வயது நடக்கும்போது கிண்ணத்துத் தண்ணீரைக் குடிக்க ஆரம்பித்தாள். இத்தனை வருடம் திரும்பிப் பார்க்காத கிண்ணம். கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்து, நிறுத்தாமல் நக்கி நக்கிக் குடித்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். படம் எடுத்து வீட்டில் எல்லோருக்கும் அனுப்பினேன். பிறகு குளியலறைக் குழாயடியிலேயே உட்கார்ந்திருக்கத் தொடங்கினாள். அவள் சிறுநீர் கழிக்கும் மண் தட்டில் ஈரக் கட்டிகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. சாக்ஸ் தினமும் வருவது குறைந்து, வாரத்துக்கு இரண்டு என்றானது. வயதாகிறது, புதுப் பழக்கம் பிடித்திருக்கிறாள் என்று நினைத்தேன். இரண்டு மாதம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தூக்கும்போது முதுகெலும்பு கையில் தட்டுப்பட்ட பிறகுதான் மருத்துவரிடம் போனோம். 4.3 கிலோ இருந்தவள் 3.4 ஆகியிருந்தாள். மேஜையில் படுத்தபடி குர்குர் என்று சத்தம் எழுப்பிக்கொண்டிருந்தாள், அதனால் பெரிதாக ஒன்றும் இருக்காது என்று எனக்குத் தோன்றியது. வலியிலும் பயத்திலும்கூடப் பூனை அந்தச் சத்தம் எழுப்பும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறியிருந்தது. நாள்பட்ட சிறுநீரக நோய். வயதான பூனைகளுக்கு அடிக்கடி வருவது. சிறுநீரகத்தின் திறனில் மூன்றில் இரண்டு பங்கு போல இழந்த பிறகுதான் இப்படி அதிகமாகக் குடிப்பதும் சிறுநீர் போவதும் வெளியே தெரியும். உங்கள் வீட்டில் பத்து வயது தாண்டிய பூனை இருந்து, திடீரென்று அது தண்ணீர்மேல் ஆசை காட்டினால், தயவுசெய்து படம் எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். ரத்தமும் சிறுநீரும் சோதித்துவிடுங்கள்.

அதன் பிறகும் இரண்டு வருடம் இருந்தாள். ஒருநாள் விட்டு ஒருநாள் தோலுக்கடியில் 100 மில்லி திரவம் ஏற்ற வேண்டும். பையை வெந்நீரில் வைத்துச் சூடு கூட்டி, அவளை மடியில் போட்டு, தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரம் மாதிரி தூக்கி ஊசியைச் செருகுவேன். முதல் வாரம் என் கைதான் நடுங்கியது, அவள் அசையவில்லை. ஏற்றி முடித்ததும் முதுகில் சின்னத் திமில் போல நிற்கும். பிறகு மெல்ல வழிந்து இடது காலில் இறங்கும். டம்ளருக்குள் விடுகிற அதே கால், கொஞ்ச நேரத்துக்குப் பொம்மைக் கால் போலக் கொழுகொழு என்றிருக்கும். அந்தக் காலைத் தூக்கித் தூக்கி வைத்து ஜன்னலுக்குப் போய் வெயிலில் படுத்துக்கொள்வாள்.

கடைசி வாரம் சாப்பாட்டைத் தொடவில்லை. மருத்துவமனையில் வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை, ஜன்னலோரமே துணி விரித்துப் போட்டேன். ஒருநாள் மாலை பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது தும்மல் வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. சத்தம் ஒன்றும் வரவில்லை. ஆனால் என் கை அவள் கழுத்தின்மேல் இருந்தது. தொண்டை ஒருமுறை அசைந்ததை விரலில் உணர்ந்தேன்.

அதற்கு மறுநாள் விடியற்காலையில் போய்விட்டாள்.

ஏழெட்டு மாதம் கழித்து பீரோவை நகர்த்திப் பெருக்கியபோது சுவரோரம் ஒரு சாம்பல் நிற சாக்ஸ் கிடைத்தது. குதிகால் பக்கம் பல் பட்ட ஓட்டைகள். நூலில் சிக்கியபடி அவளுடைய நகத்தின் மேலுறை ஒன்று, பிறை மாதிரி வளைந்து, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபுறம் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக. இதன் ஜோடியை ஒற்றையாகிவிட்டதே என்று எப்போதோ தூக்கிப் போட்டிருக்கிறேன். இதை நகத்தோடு அப்படியே மடித்து என் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். துவைக்கவில்லை.