பேரிக்காயை வேகவைத்தால் கலோரி கூடுமா?

கேள்வி: எடையைக் குறைப்பதற்காக, சாப்பிடுவதையெல்லாம் ஆப்பில் குறித்து வருகிறேன். கொடைக்கானலிலிருந்து சொந்தக்காரர் ஒரு பை நிறையப் பேரிக்காய் கொடுத்தனுப்பியிருக்கிறார். ‘ஒரு பேரிக்காய்’ என்று தேடினால் ஆப் ஓரிடத்தில் 60 கலோரி என்கிறது, இன்னோரிடத்தில் 130 என்கிறது. இனிப்புப் பச்சடி செய்தால் எப்படிக் கணக்கு வைப்பது? வேகவைத்தால் கலோரி கூடிவிடுமா?

பதில்: கூடாது. வேகும்போது தண்ணீர்தான் வற்றுகிறது, பழத்தின் சர்க்கரை அப்படியேதான் இருக்கிறது. 100 கிராம் பேரிக்காயில் சுமார் 84 கிராம் தண்ணீர். அது வற்ற வற்ற, 100 கிராமுக்கு இவ்வளவு என்ற எண் ஏறும். ஆனால் வாணலியில் உள்ள மொத்தக் கலோரி மாறாது. உலர்ந்த பேரிக்காய்க்கு 100 கிராமுக்கு 260 கலோரி என்று போட்டிருப்பதைப் பார்த்தால் பயப்பட வேண்டாம், அங்கே பழம் அதிகம், தண்ணீர் குறைவு, அவ்வளவுதான்.

ஆப் குழப்புவதற்குக் காரணம் ‘ஒரு பழம்’ என்ற அளவு. நம் மலைப் பேரிக்காயிலேயே கைக்குள் அடங்குவதும் உண்டு, கால் கிலோ நிற்பதும் உண்டு. அதனால் எண்ணாதீர்கள், தராசில் வையுங்கள். காம்பையும் நடுவில் உள்ள விதைப்பகுதியையும் நீக்கிவிட்டு, பச்சையாக இருக்கும்போதே எடை போட்டு, 100 கிராமுக்கு 57 கலோரி என்று எழுதுங்கள். முழுதாக 180 கிராம் இருக்கும் பழத்தில் சாப்பிடக்கூடியது 160 கிராம் அளவுக்கு வரும், அது சுமார் 90 கலோரி. ஆப்பிள் போல உருண்டையாக, மொறுமொறுவென்று கடைகளில் கிடைக்கும் சீனப் பேரிக்காய் வேறு வகை. அதற்கு 100 கிராமுக்கு 42 கலோரிதான்.

இனி பச்சடிக்கு வருவோம். நறுக்கிய பேரிக்காய் 500 கிராம் என்றால் 285 கலோரி. வெல்லம் 100 கிராம் போட்டால் அதில் மட்டும் 380 வந்துவிடுகிறது. தாளிக்க ஒரு டீஸ்பூன் எண்ணெய், 45. ஆக மொத்தம் 710 கலோரி, அதில் பாதிக்கு மேல் வெல்லத்தினுடையது. பச்சடி இறக்கியதும் பாத்திரத்தோடு எடை போட்டு, வெறும் பாத்திரத்தின் எடையைக் கழித்துவிடுங்கள். 450 கிராம் பச்சடி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், நீங்கள் தட்டில் போட்டுக்கொள்ளும் 50 கிராமில் 79 கலோரி. வெல்லத்தை 40 கிராமாகக் குறைத்தால் மொத்தமே 480 சொச்சம்தான். கணக்கில் உங்கள் கவனம் போக வேண்டிய இடம் வெல்லம்தான், பழமில்லை. அல்வா கிளறினாலும் இதே கதைதான், அங்கே நெய்யும் சேர்ந்துகொள்ளும். ஒரு டேபிள்ஸ்பூன் நெய் ஏறக்குறைய ஒன்றரைப் பேரிக்காய்க்குச் சமம்.

வெல்லத்தைக் குறைத்தால் ருசி போய்விடுமே என்று தோன்றும். பழத்தைப் பழுக்கவிட்டுச் சமைத்தால் அந்தக் குறை தெரியாது. கல் மாதிரி இருக்கும் காயை உடனே அடுப்பில் ஏற்றுவதால்தான் இனிப்பை அள்ளிப் போட வேண்டியிருக்கிறது. ஒரு காகிதப் பையில் வாழைப்பழத்தோடு சேர்த்து வெளியே வைத்திருங்கள். வாழைப்பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு பழுப்பதை விரைவாக்கும். பேரிக்காய் உள்ளிருந்து வெளியே பழுக்கும் பழம் என்பதால், வயிற்றுப்பகுதி மெத்தென்று ஆகும்வரை காத்திருந்தால் நடுப்பகுதி கொழகொழத்துவிடும். காம்புக்குப் பக்கத்தில் மெல்ல அழுத்திப் பாருங்கள், லேசாக அமுங்கினால் பதம் சரி. உடனே சமைக்கவில்லை என்றால் ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள்.

நாட்டு ரகம் சில பழுத்தாலும் அவ்வளவு மென்மையாகாது, வாயில் நறநறவென்று இருக்கும். சதையில் மணல் போல இருக்கும் கெட்டியான ‘கல் செல்கள்’தான் காரணம், கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம். அவற்றைத் துருவி, ஒரு துண்டு பட்டையும் சிட்டிகை உப்பும் போட்டு, மூடிவைத்துச் சிறுதீயில் வேகவிடுங்கள். தண்ணீரை நிறைய ஊற்றி வேகவைத்து வடிக்காதீர்கள், இனிப்பில் ஒரு பங்கு அதோடு போய்விடும். தோலையும் சீவ வேண்டாம், நன்றாகக் கழுவினால் போதும். 100 கிராமில் 3 கிராம் நார்ச்சத்து இருக்கிறது, அதில் கணிசமான பங்கு தோலில்தான். எடை குறைக்கும் நேரத்தில் பசி தாங்க அந்த நார்தான் துணை.

ஒரு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். கலோரி குறைவுதானே என்று இரவுச் சாப்பாட்டுக்குப் பதிலாக மூன்று நான்கு பழங்களைச் சாப்பிட்டால் சிலருக்கு வயிறு உப்பி, வாயு சேரும். பேரிக்காயில் ஃப்ரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை அதிகம், சார்பிட்டால் என்ற இன்னொரு இனிப்புப் பொருளும் உண்டு, இரண்டையும் சிலருடைய குடல் முழுதாக உறிஞ்சாது. அடிக்கடி வயிற்றுத் தொந்தரவு வருபவர் என்றால் ஒரு வேளைக்கு அரைப் பழத்தில் தொடங்கிப் பாருங்கள். ஒத்துக்கொண்டால் முழுப் பழம் சாப்பிடலாம்.