குமிழைத் திருப்புவது யார்?

வாசகர் கேள்வி – பதில்

(பொறியியல், அறிவியல் கல்லூரிகளின் வகுப்பறைச் சூழல் குறித்து வந்த கடிதங்களுள் நான்கிற்கு, ஓய்வுபெற்ற பொறியியல் பேராசிரியர் ஒருவர் பதில் அளிக்கிறார்.)

அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் மின்னணுவியல் பிரிவில் சேர்ந்தேன். விடுதியில் ‘நீ கோட்டாவா?’ என்று கேட்கிறார்கள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இரவு பகலாகத் தனியாகப் படித்தும் முதல் பருவத்தில் கணிதத்தில் அரியர் விழுந்துவிட்டது. நான் இந்தப் படிப்புக்குத் தகுதியில்லாதவனா ஐயா?
– மாணவர் ஒருவர், திருவண்ணாமலை மாவட்டம்

‘கோட்டாவா?’ என்ற கேள்விக்கு ‘ஆமாம்’ என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்காக 2021-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின்படி கிடைத்த இடம் அது. தொழிற்கல்லூரிகளில் அரசுப் பள்ளி மாணவர்கள் மிகக் குறைவாக இருப்பதை நீதிபதி முருகேசன் ஆணையம் ஆராய்ந்து அறிக்கை தந்த பிறகே அச்சட்டம் வந்தது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது ‘கதவைச் சாத்திக்கொண்டு’ என்ற சொற்கள்தான். 1970-களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் என்ற ஆய்வு மாணவர், நுண்கணிதப் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் ஏன் அதிகமாகத் தோற்கிறார்கள் என்று தேடத் தொடங்கினார். ஆர்வமில்லை, அடித்தளம் போதாது, வீட்டில் ஆதரவில்லை, வறுமை என்று ஆசிரியர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அவற்றுள் ஒன்றும் ஆய்வில் நிற்கவில்லை. இருபது கறுப்பின மாணவர்களையும் இருபது சீன அமெரிக்க மாணவர்களையும் விடுதி அறை வரை பின்தொடர்ந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஒரு மணி நேர வகுப்புக்கு இரண்டு மணி நேரம் படிக்க வேண்டும் என்று சொல்லப்பட்டதை அப்படியே நம்பி, கறுப்பின மாணவர்கள் வாரத்துக்கு எட்டு மணி நேரம் ஒழுங்காக, ஆனால் தன்னந்தனியாகப் படித்தார்கள். சீன மாணவர்களோ தனியாகப் படித்ததற்கு மேல் வாரத்தில் சில மணி நேரம் கூடி உட்கார்ந்து, ஒருவர் விடையை மற்றவர் திருத்தி, எல்லாருக்கும் வராத கணக்கு எது என்பதையும் தெரிந்துகொண்டார்கள். தனியாகப் படித்தவருக்கு, கணக்கு வராதபோது அது கணக்கின் கடினமா தன் குறையா என்று தெரிய வழியே இல்லை. டிரைஸ்மன் பின்னர் நடத்திய பயிற்சிக் கூடங்களில் சுலபக் கணக்குகளைக் கொடுக்கவில்லை. வழக்கத்தைவிடக் கடினமானவற்றைக் கொடுத்துக் கூட்டாகப் போராட வைத்தார். தோல்வி வெகுவாகக் குறைந்தது.

ஆகவே, மூன்று பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு மாலை போதும். ஒவ்வொருவரும் முதலில் தனியாக முயன்றுவிட்டு வர வேண்டும், பிறகு ஒருவர் எழுந்து நின்று விளக்க வேண்டும். விளக்கம் தமிழிலேயே இருக்கட்டும். உங்களுக்கு அணிக்கோவையும் வகைக்கெழுவும் தெரியும். ‘டிடெர்மினன்ட்’, ‘டெரிவேட்டிவ்’ என்று காதில் விழும்போதுதான் அது வேறு ஏதோ புதிய பாடம் போலத் தோன்றுகிறது. ஒரு நோட்டில் இரு பத்தி போட்டு இத்தகைய சொற்களை எழுதி வைத்தால், முதலாண்டுக் கணிதத்துக்கு அந்தப் பட்டியல் நீங்கள் பயப்படும் அளவுக்கு நீளாது. (அண்ணா பல்கலைக்கழகம் 2010-இலேயே கட்டடவியலையும் இயந்திரவியலையும் தமிழ் வழியில் கற்பிக்கத் தொடங்கிவிட்டது என்பதை, ‘தமிழில் எப்படிங்க இஞ்சினியரிங்?’ என்று கேட்பவர்களிடம் சொல்லி வையுங்கள்.)

உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஆய்வகத்தில் மாணவர்கள் கருவிகளைக் கையாள, மாணவிகள் அளவீடுகளை எழுதிக்கொண்டு நிற்கிறார்கள். நான் எதுவும் சொல்லாமலேயே இது தானாக நடக்கிறது. தலையிடலாமா?
– ஆசிரியை ஒருவர், ஈரோடு

தானாக நடப்பதாலேயே தலையிட வேண்டும். என் கதையைச் சொல்கிறேன், குற்றவாளி நான்தான். நான் பணியாற்றிய ஒரு கல்லூரியில் மின்னணு ஆய்வகத்தில் ஒரு மேசைக்கு ஐந்து பேர், மின்னலையின் வடிவைத் திரையில் காட்டும் அலைகாட்டி ஒன்றே ஒன்று. ஒரு மேசையில் கையெழுத்து மணிமணியாக உள்ள மாணவி ஒருத்தி இருந்தாள். அப்சர்வேஷன் நோட்டு எப்போதும் அவள் கையில்தான் இருக்கும். பருவ முடிவில் மாதிரிச் செய்முறைத் தேர்வு. சீட்டுக் குலுக்கியதில் அவளுக்கு அலைவடிவத்தின் அதிர்வெண்ணை அளக்கும் சோதனை விழுந்தது. செய்முறையைப் பிழையில்லாமல் எழுதிவிட்டாள். திரையில் அலை நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. ‘டிரிக்கர்’ குமிழைச் சற்றுத் திருப்பினால் நின்றுவிடும். அந்தக் குமிழ் எங்கே இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் பதினைந்து வாரங்களில் ஒருமுறைகூட அவள் கை அந்தக் கருவியின் மேல் பட்டதில்லை. அந்தப் பதினைந்து வாரமும் ரெக்கார்டு நோட்டில் பத்துக்குப் பத்து போட்டுக் கையெழுத்திட்டவன் நான்.

அடுத்த பருவம் முதல் மூன்று மாற்றங்கள் செய்தேன். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மணியடித்து, எழுதுபவரும் இயக்குபவரும் இடம் மாறச் செய்தேன். ஒவ்வோர் அட்டவணையின் தலைப்பிலும் அந்த அளவீட்டை எடுத்தவர் பெயரை எழுதச் சொன்னேன். நான்கு மாணவர்களுக்கு நடுவே ஒரு மாணவியைத் தனியாகப் போடுவதை நிறுத்தினேன். முதல் இரண்டு வாரம் முணுமுணுப்பு இருந்தது. வேலையும் மெதுவாகத்தான் நடந்தது.

வகுப்பறையிலும் இதே கதைதான். கலிஃபோர்னியாவில் உள்ள ஹார்வி மட் கல்லூரியில் கணினி அறிவியலை முதன்மைப் பாடமாக எடுத்த பெண்கள் ஒரு காலத்தில் பத்தில் ஒருவர். சில ஆண்டுகளில் பத்தில் நால்வர் ஆனார்கள். முன்பே நிரல் எழுதிப் பழகியவர்களுக்கும் புதிதாக வருபவர்களுக்கும் அறிமுகப் பாடத்தைத் தனித்தனிப் பிரிவாக்கியது, அதை பைத்தான் என்ற நிரல் மொழிக்கு மாற்றியது, மாணவிகளைப் பெண் கணினியியலாளர்களின் மாநாட்டுக்கு அழைத்துப் போனது எனப் பலவற்றைச் செய்தார்கள். இவற்றோடு சிறிய வேலை ஒன்றும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது: வகுப்பில் தனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டிப் பிறரைக் கலங்கடிக்கும் மாணவனை ஆசிரியர் தனியே அழைத்து, ‘உன்னோடு பேச எனக்கு விருப்பம்தான், ஆனால் இதை நாம் இருவர் மட்டும் இருக்கும்போது பேசுவோம்’ என்று சொல்லிவிடுவார். அவனுக்கும் அவமானமில்லை, மற்றவர்களுக்கும் மூச்சு விட இடம் கிடைக்கிறது.

ஐஐடிகளில் பத்து சதவீதத்தை ஒட்டியிருந்த மாணவிகள் சேர்க்கை, 2018-இல் மாணவிகளுக்கெனத் தொடங்கிய கூடுதல் இடங்களால் இருபதை எட்டியது. சேர்க்கையை அரசாணையால் உயர்த்திவிடலாம்; மேசையில் குமிழ் யார் கையில் என்பதை உங்களைப் போன்றவர்கள்தான் பார்க்க முடியும்.

என் மகள் சக்கர நாற்காலியில் இயங்குபவள். வேதியியல் படிக்க விரும்புகிறாள். ‘ஆய்வகம் இரண்டாம் தளத்தில் இருக்கிறது, வேறு பாடம் பாருங்கள்’ என்கிறது கல்லூரி அலுவலகம்.
– தாய் ஒருவர், தஞ்சாவூர்

அந்தப் பதிலை எழுத்தில் தரச் சொல்லுங்கள் அம்மா. பெரும்பாலும் தர மாட்டார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில், நாற்பது சதவீதத்துக்குக் குறையாத ஊனமுடையோருக்கு ஐந்து சதவீதத்துக்குக் குறையாத இடம் ஒதுக்கச் சொல்கிறது. உயர் வயது வரம்பிலும் ஐந்து ஆண்டு தளர்வு உண்டு. ஆய்வகத்தைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுவது, ஒரே ஒரு மேசையின் உயரத்தைக் குறைப்பது, நச்சு ஆவியை வெளியேற்றும் புகைக்கூண்டுக்கு முன்னே நாற்காலி திரும்ப இடம் விடுவது ஆகியவை ஒரு கோடை விடுமுறையில் முடிகிற வேலைகள். தேர்வில் சொல்வதை எழுதித் தருபவருக்கும், மணிக்கு இருபது நிமிடம் கூடுதல் நேரத்துக்கும் தகுதி இருக்கிறதா என்பதையும் பருவத் தொடக்கத்திலேயே கேட்டு வையுங்கள்.

எங்கள் கல்லூரியில் தன்னம்பிக்கைப் பேச்சாளர்களை அழைக்கிறோம்; மனநல ஆலோசகர் இருக்கிறார்; மாலை ஐந்து மணிக்குச் சிறப்பு வகுப்பும் உண்டு. ஆனாலும் பின்தங்கிய மாணவர்கள் எதற்கும் வருவதில்லை. அண்மையில் சீனியர்கள் சாதியைக் கேட்டதாகவும் ஒரு புகார். இன்னும் என்னதான் செய்வது?
– தனியார் கல்லூரி முதல்வர் ஒருவர், விருதுநகர் மாவட்டம்

முதலில் புகார். தமிழ்நாட்டின் ராகிங் தடைச் சட்டம் 1997-ஆம் ஆண்டிலேயே வந்தது. இரண்டாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. சாதி, மதம், மொழி, வட்டாரம் ஆகியவற்றைக் குறிவைத்த துன்புறுத்தலும் ராகிங்கே என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016-இல் தெளிவாகச் சேர்த்தது. ‘பசங்க விளையாட்டு’ என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். குழுவின் 2012 விதிமுறைகள் சொல்லும் சம வாய்ப்புப் பிரிவு உங்கள் கல்லூரியில் பெயர்ப்பலகையாக மட்டும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இனி, ஐந்து மணி வகுப்பு. உங்கள் கல்லூரிப் பேருந்துகள் எத்தனை மணிக்குப் புறப்படுகின்றன? நான் பார்த்த கல்லூரிகளில் நாலரைக்கெல்லாம் கிளம்பிவிடும். அதை விட்டால் இரண்டு பேருந்து மாறி இரவு எட்டு மணிக்கு ஊர் சேரும் பெண்ணை எந்த வீட்டில் அனுப்புவார்கள்? பேச்சாளருக்குத் தரும் பணத்தில் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் பத்துப் பேருக்கு ஊதியம் கொடுத்துப் பாடம் சொல்லித்தர வைத்து, அந்த வகுப்பைக் காலை பத்து மணி முதல் மூன்று மணிக்குள், கால அட்டவணையிலேயே, எல்லா மாணவர்களுக்கும் பொதுவாகப் போடுங்கள். ‘ஸ்லோ லேர்னர்ஸ்’ என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியுள்ள பெயர்ப் பட்டியலை இன்றே கிழித்துவிடுங்கள்; அந்தப் பட்டியலில் தன் பெயரைப் பார்த்த பிறகு யார் வருவார்கள்?