சிலம்பம் பொழுதுபோக்கு என்று நிதி மறுக்கலாமா?

கேள்வி: பள்ளத்தூர் பக்கத்துக் கிராமத்தில் 18 ஆண்டுகளாகச் சிலம்பம் சொல்லித் தருகிறேன், காசு வாங்குவதில்லை. 35 பேர் வருகிறார்கள். அவர்களில் 9 பிள்ளைகள் போட்டிகளுக்குப் போகிறார்கள். மற்றவர்கள் உடம்புக்கு நல்லது என்று வரும் பெண்களும் பெரியவர்களும். கம்பு வாங்கவும், கண்மாய்க்கரைப் பொட்டலில் விளக்குப் போடவும் அரசிடம் உதவி கேட்டேன். 'இது பொழுதுபோக்கு விளையாட்டு. நிதி வழங்க வழிவகை இல்லை' என்று ஒரே வரியில் பதில் வந்தது. வழக்குப் போடலாமா ஐயா?

பதில்: போடலாம், ஆனால் இப்போது போட்டால் நிற்காது. உங்கள் மனுவை இரண்டு முறை படித்தேன். 35 பேரையும் ஒரே மூட்டையாகக் கட்டி, 'எங்கள் குழுவுக்கு நிதி வேண்டும்' என்று கேட்டிருக்கிறீர்கள். போட்டி விளையாட்டுக்கான உதவியில் ஆளைப் பார்ப்பார்கள்: என்ன வயது, எந்த மட்டத்தில் ஆடினார், சான்றிதழ் கொடுத்தது யார். ஊர்மக்கள் விளையாடுவதற்கான உதவி பெரும்பாலும் திடலாகவும் விளக்காகவும் உபகரணமாகவும்தான் வரும். இரண்டுக்கும் தனித்தனி மனு வேண்டும்.

அதற்காக அந்த ஒற்றை வரிப் பதிலை நான் ஏற்க மாட்டேன். மத்திய அரசின் கேலோ இந்தியா திட்டமே மக்கள் பரவலாக விளையாடுவது, திறமையாளரை வளர்ப்பது என இரண்டையும் நோக்கமாகச் சொல்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. மாநில அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டிலும் சிலம்பம் உண்டு. அப்படியிருக்க, எந்த அரசாணையின் எந்தப் பத்தியை வைத்து மறுத்தார்கள்? தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி இதையே கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு. நிதி கொடு என்று அரசைக் கட்டாயப்படுத்தும் உரிமை நமக்கு இல்லை. ஆனால் தான் வகுத்த அளவுகோலை அரசு தன் விருப்பத்துக்கு மீறக்கூடாது என்று ரமணா தயாராம் ஷெட்டி வழக்கில் 1979-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த அளவுகோல் காகிதமாக உங்கள் கைக்கு வந்த பிறகு, தேவைப்பட்டால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போவோம்.

பிள்ளைகளின் சான்றிதழ்களைப் பார்த்தபோது மனம் கனத்தது. தங்க நிற முத்திரை, 'தேசிய அளவில் முதலிடம்' என்று பெரிய எழுத்து. ஆனால் 6 தாள்களில், போட்டியை நடத்திய அமைப்புக்கு அரசு அங்கீகாரம் இருப்பதற்கான அடையாளமே இல்லை. பிள்ளைகள் சிந்திய வேர்வை உண்மை; அந்தத் தாள் அலுவலகத்தில் செல்லாது. இனி நுழைவுக் கட்டணம் கட்டுவதற்கு முன், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மாவட்ட அலுவலகத்தில் அந்த அமைப்பைப் பற்றி விசாரியுங்கள். பள்ளிக் கல்வித் துறைப் போட்டிகளையும் முதலமைச்சர் கோப்பையையும் விட்டுவிடாதீர்கள். கேலோ இந்தியா வீரராகத் தேர்வாகும் பிள்ளைக்குக் கைச்செலவுக்கே ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் கிடைக்கும். அதற்கான படி இங்கிருந்துதான் தொடங்குகிறது.

உங்கள் வருகை நோட்டில் 'வள்ளி, மீனாள், மீனாள் தங்கச்சி' என்று எழுதியிருக்கிறீர்கள். படிக்க அழகாக இருக்கிறது. ஆனால் பிறந்த தேதி இல்லாமல் மீனாளின் தங்கச்சியை எந்த வயதுப் பிரிவில் சேர்ப்பது? போட்டிக்குப் போகிறவர்களுக்கு ஒரு நோட்டு, மற்றவர்களுக்கு ஒரு நோட்டு என்று இன்றே பிரித்து எழுதுங்கள்.

7 பேர் சேர்ந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி மாவட்டப் பதிவாளரிடம் சங்கமாகப் பதியலாம். விளையாட்டு, பொழுதுபோக்கு இரண்டுமே அந்தச் சட்டம் ஏற்கும் நோக்கங்கள். ஆண்டுக் கணக்கைத் தவறாமல் தாக்கல் செய்யுங்கள்.

விளக்கு விஷயத்தில் கவனம் தேவை. பொட்டல் கண்மாய்ப் புறம்போக்கில் இருந்தால் அங்கே கம்பம் நடக் கேட்காதீர்கள். ஏரிகளைக் காக்கும் 2007-ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நிற்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் நிலத்தின் வகைப்பாட்டைப் பார்த்துவிட்டு, நீர்நிலை அல்லாத ஊராட்சி இடத்தைக் கேளுங்கள். ஊராட்சிகளுக்குக் கொடுத்த கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு உங்கள் ஊரில் எங்கே இருக்கிறது என்றும் விசாரியுங்கள். அடுத்த கிராம சபைக்கு அந்தப் பெண்களையும் அழைத்துப் போங்கள். திடலும் விளக்கும் வேண்டும் என்று அவர்களே எழுந்து கேட்கட்டும். எண்ணும் தேதியும் உள்ள தீர்மான நகலை வாங்கி, அடுத்த மனுவோடு இணையுங்கள்.