கிளிட்டர் நெயில் பாலிஷ் போகவில்லை, நகம் உரிகிறது: ஜெல் போட்டு மூடலாமா?

கேள்வி: தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கு வீட்டிலேயே கிளிட்டர் நெயில் பாலிஷ் போட்டுக்கொண்டேன். ரிமூவர் அரை பாட்டில் தீர்ந்தும் போகவில்லை, பிளேடால் சுரண்டினேன். இப்போது நகமெல்லாம் வெள்ளைத் திட்டு. "நகம் செத்துப்போச்சு, ஜெல் போட்டு மூடினாத்தான் சரியாகும்" என்கிறார்கள் பார்லரில். அடுத்த மாதம் கல்யாணம். என்ன செய்வது?

பதில்: ஜெல்லுக்கு, அதாவது விளக்கொளியில் காட்டி இறுகவைக்கும் அந்தக் கெட்டிப் பாலிஷுக்கு, முன்பணம் கொடுத்திருந்தால் முதலில் அதைத் திரும்ப வாங்குங்கள். வெளியே தெரிகிற நகம் எல்லோருக்குமே உயிரில்லாததுதான். வெட்டினால் வலிக்கிறதா என்ன? உயிர் இருப்பது தோலுக்கு அடியில், நகம் முளைக்கும் இடத்தில். உங்களுக்கு மேலடுக்குதான் உரிந்திருக்கிறது. கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மி.மீ. வளரும், முழுசாகப் புது நகம் வர ஏறக்குறைய ஆறு மாதம். ஜெல் போட்டால், எடுக்கும்போது மறுபடி அராவி, இருக்கிற மெல்லிய நகத்தையும் தேய்த்துவிடுவார்கள். பல ஜெல்களை இறுகவைக்கச் சேர்த்துவந்த டிபிஓ (TPO) என்ற வேதிப்பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் தடை செய்துவிட்டது. நம் ஊர் பார்லரில் டப்பாவைத் திருப்பிக் காட்டச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

கிளிட்டர் என்பது பெரும்பாலும் அலுமினியம் பூசிய பிளாஸ்டிக் படலத்தைப் பொடியாக நறுக்கியதுதான். ரிமூவர் அதைக் கரைப்பதில்லை, சுற்றியிருக்கும் பாலிஷை மட்டுமே கரைக்கும். அதனால் தேய்க்கத் தேய்க்க அந்தத் துணுக்குகளே நகத்தை அராவுகின்றன. தேய்க்காதீர்கள், ஊறவையுங்கள். அசிட்டோன் ரிமூவரில் நனைத்த பஞ்சை நகத்தின் மேல் வைத்து, சமையலறை அலுமினிய ஃபாயிலால் விரலைச் சுற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு லேசாக அழுத்தி நுனிப்பக்கம் இழுத்தால் மொத்தமாக வந்துவிடும். அடுப்பு, விளக்கு பக்கத்தில் வேண்டாம், சட்டென்று தீப்பிடிக்கும். பிளாஸ்டிக் வளையலையும் கழற்றிவிடுங்கள்.

கல்யாணம் வரை நகத்தை ஒட்ட வெட்டி, ராத்திரியில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். வேறொன்றும் வேண்டாம். முந்தின நாள் போடும்போது முதலில் நிறமில்லாத பேஸ் கோட், அது நன்றாகக் காய்ந்தபின் ஒரு கோட் கலர். கிளிட்டரை பிரஷ்ஷால் நேராகத் தீட்டாமல், மேக்கப் ஸ்பாஞ்சின் ஓரத்தில் தடவி, அதால் நகத்தில் ஒற்றுங்கள். திரவத்தை ஸ்பாஞ்ச் குடித்துக்கொள்ளும், மினுக்கு மட்டும் நெருக்கமாகப் பதியும். நாலு கோட் போடும் வேலை மிச்சம், எடுப்பதும் சுலபம். மேலே டாப் கோட் இரண்டு முறை, நகத்தின் நுனி விளிம்பையும் சேர்த்து.

பாலிஷ் வாங்கும் இடம்தான் என் பெரிய கவலை. ஃபேன்ஸி ஸ்டோர்களில் பெயரில்லாத குட்டி பாட்டில்களை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். தயாரித்தவர் பெயர், உரிம எண், காலாவதித் தேதி எல்லாம் பாட்டிலிலோ அட்டையிலோ இருக்கவேண்டும் என்பது சட்டம். அது எழுத்தில் இருக்கிறது, கடையில் இல்லை. யார் போய்ப் பார்க்கிறார்கள்? இன்னொரு கூத்து, கோலத்துக்கும் கைவேலைக்கும் விற்கிற மினுக்குப் பொடியை நிறமில்லாத பாலிஷில் கலக்கி 'பிரைடல் கிளிட்டர்' என்று விற்பது. அந்தத் துணுக்குகள் கரடுமுரடாக இருக்கும், சாயமும் விடும், கண்ணில் பட்டால் கருவிழியைக் கீறும்.

யாருக்கும் நெயில் பாலிஷே கூடாது என்று நான் சொல்வதில்லை, ஒருவரைத் தவிர: சீக்கிரத்தில் ஆபரேஷனோ பிரசவமோ இருப்பவர். ஆஸ்பத்திரியில் விரலில் மாட்டும் கிளிப் நகத்தின் வழியாக ஒளியைச் செலுத்தித்தான் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்கிறது. மினுக்கும் அடர்ந்த கலரும் அந்த ஒளியைக் குழப்பலாம். மயக்கம் கொடுத்த பிறகு நகத்தின் நிறம் நீலமாகிறதா என்று கண்ணால் பார்க்கவும் முடியாது. வளைகாப்புக்குப் போட்டதை அப்படியே விட்டு, வலி வந்தபின் நர்ஸ் பஞ்சோடு நின்று பத்து நிமிடம் ஊறவைக்க முடியுமா? உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால், கல்யாணம் முடிந்த மறுநாளே எடுக்கச் சொல்லுங்கள், கால் விரலில் போட்டதையும் சேர்த்து.

நகத்தின் ஓரம் சிவந்து வீங்கினாலோ, சீழ் வந்தாலோ, நகம் பச்சையாக மாறினாலோ பார்லரில் காட்டாதீர்கள். நேராகத் தோல் மருத்துவரிடம் போங்கள்.