கர்ப்பகால இடுப்பு வலிக்கு மூச்சுப் பயிற்சி: உங்கள் கேள்விகளுக்குப் பிசியோதெரபிஸ்ட் பதில்

கே: ஆறாம் மாசம் மேடம். சாயங்காலமானா கீழ் முதுகு விண்விண்ணுனு தெறிக்குது. மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்றாங்க. மூச்சுக்கும் முதுகுக்கும் என்ன சம்பந்தம்?

ப: நேரடிச் சம்பந்தமே உண்டும்மா. நுரையீரலுக்குக் கீழே மூச்சை இயக்கும் தசையான உதரவிதானம், வயிற்றைச் சுற்றி ஆழ்தசை, அடியில் சிறுநீரை அடக்கும் இடுப்புத் தளத் தசை, முதுகெலும்பை ஒட்டிய சிறு தசைகள். கீழ் முதுகைத் தாங்குவது இந்த நான்கும்தான். வயிறு வளர வளர முன்வயிற்றுத் தசை நீண்டு பிடி தளர்கிறது. இடுப்பு மூட்டுகளின் நார்களும் ஹார்மோன்களால் இளகுகின்றன. நிறைமாதத்தில் உதரவிதானம் சுமார் 4 செ.மீ. மேலே ஏறிவிடும். அப்போது பலர் தோளைத் தூக்கி நெஞ்சாலேயே மூச்சு வாங்குவார்கள். முதுகுத் தசைதான் பாரம் சுமந்து இறுகிப்போகும்.

ஆனால் உட்கார்ந்து மூச்சு விடுவது இறுக்கத்தைத் தளர்த்தும், அவ்வளவுதான். எழும்போதும் குனியும்போதும் அதே மூச்சு வந்தால்தான் பலன் நிற்கும்.

கே: சரியா எப்படிச் செய்யணும்?

ப: இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். தலையணை முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தாங்க வேண்டும். முழங்காலுக்கு நடுவில் மட்டும் வைத்தால் மேல் கால் திருகி இடுப்பை இழுக்கும். வயிற்றுக்கு அடியில் மடித்த துண்டு வையுங்கள். மேல் கையைக் கீழ் விலாவில், பெருவிரல் முதுகுப் பக்கம் இருக்கும்படி வையுங்கள்.

மூக்கால் 3, 4 எண்ணும் வரை மூச்சை இழுங்கள். விலா விரிந்து கையைத் தள்ள வேண்டும், முக்கியமாகப் பெருவிரலை. வயிறு மட்டும் உப்பினால் போதாது, தோள் ஏறவும் கூடாது. பிறகு வாயைக் குவித்து 5, 6 எண்ணும் வரை மெல்ல விடுங்கள். விடும்போது சிறுநீரை அடக்கும் தசையை லேசாக மேலே இழுத்து, அடிவயிற்றால் குழந்தையை அணைப்பதுபோல் உள்வாங்குங்கள். உங்கள் பலத்தில் கால் பங்கு போதும். அடுத்த மூச்சை இழுக்கும்போது முழுசாகத் தளர விட வேண்டும். பலருக்கு வராதது இந்தத் தளர்த்தல்தான். இறுக்கியே வைத்திருந்தால் வலி கூடும்; பிரசவத்தில் வழிவிட வேண்டியதும் இதே தசைதான்.

6 முதல் 8 மூச்சு, நாளைக்கு 2, 3 வேளை. சாப்பிட்ட உடனே வேண்டாம்.

கே: கொஞ்ச நேரத்துலயே தலை சுத்துது, உதடு மரத்துப்போகுது.

ப: வேகமாகவோ அளவுக்கு மீறி ஆழமாகவோ விடுகிறீர்கள். கர்ப்பத்தில் புரோஜெஸ்டிரோனால் உடல் ஏற்கெனவே கூடுதலாகச் சுவாசிக்கிறது. ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு வழக்கத்தைவிடக் குறைவு. இன்னும் வெளியேற்றினால் இப்படித்தான் ஆகும். நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள். அடுத்த வேளை 4 மூச்சு போதும். மல்லாந்து படுத்துச் செய்தீர்களா? 20 வாரத்துக்குப் பிறகு கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தும், அதனாலும் தலை சுற்றும். பயிற்சி செய்யாதபோதும் சுற்றினால் டாக்டரிடம் சொல்லுங்கள், ரத்தசோகையாக இருக்கலாம்.

கே: கபாலபாதி, கும்பகம் முன்னாடியே பழக்கம். தொடரலாமா அக்கா?

ப: வேண்டாம். வேகவேகமாக மூச்சை இழுத்து விடும் பஸ்திரிகாவும் வேண்டாம். மூச்சை அடக்கினாலும் வயிற்றை வெட்டி இழுத்தாலும் உள்ளழுத்தம் ஏறி இடுப்புத் தளத்தின் மேல் இறங்கும். மூக்குத் துவாரங்களை மாற்றி மாற்றி மூச்சு விடும் நாடிசுத்தியை, மூச்சை அடக்காமல் செய்யலாம்.

கே: கட்டிலை விட்டு எழும்போதுதான் சுருக்குனு பிடிக்குது.

ப: அந்த நொடியில் பெரும்பாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தம் கட்டுகிறோம், அதுதான் காரணம். முழங்கால்களைச் சேர்த்து வைத்து மூச்சை இழுங்கள். விட ஆரம்பித்த பிறகு தோளும் இடுப்பும் ஒன்றாகப் பக்கவாட்டில் திரும்பட்டும். இரண்டு காலையும் கட்டில் ஓரத்தில் இறக்கி, கையை ஊன்றி எழுந்திருங்கள். நேராக எழ முயன்றால் வயிற்றின் நடுவே மேடு புடைக்கும். முன்வயிற்றுத் தசைகள் நடுக்கோட்டில் விலகி, அங்கே அழுத்தம் ஏறுவதன் அடையாளம் அது.

நாற்காலியிலும் இதே முறைதான். ஓரத்துக்கு நகர்ந்து, பாதத்தை உள்ளிழுத்து, முன்னால் சாய்ந்து, இருக்கையை விட்டு எழுவதற்கு ஒரு கணம் முன்பே மூச்சை விட ஆரம்பியுங்கள். எழுந்த பிறகு விட்டால் பயனில்லை. குக்கரை இறக்கும்போதும் மூத்த பிள்ளையை மடியில் தூக்கும்போதும் இப்படியே.

கே: எனக்கு முதுகு இல்ல, பிட்டத்துக்கு மேல ஒரு பக்கம் வலி. படி ஏறினா கூடுது.

ப: இது இடுப்பெலும்பு மூட்டுகளில் வரும் வலியாக (இடுப்பு வளைய வலி) இருக்கலாம், மூச்சு மட்டும் போதாது. ஒற்றைக் காலில் நிற்பதைத் தவிருங்கள், சுடிதார் பேன்ட்டை உட்கார்ந்து போடுங்கள், படியில் ஒவ்வொன்றிலும் இரண்டு காலையும் வைத்து ஏறுங்கள். பெல்ட் தேவையா என்று பிசியோவிடம் நேரில் காட்டிக் கேளுங்கள்.

கே: எட்டாம் மாசம். இன்னிக்கு இடுப்பு வலி விட்டு விட்டு வருது, வயிறும் இறுகுது. மூச்சு விட்டா அடங்குமா?

ப: பயிற்சியை விட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 37 வாரத்துக்கு முன்பு சீராக வந்து வந்து போகும் வலி குறைப்பிரசவத்தின் தொடக்கமாக இருக்கலாம், டாக்டர் பரிசோதித்துப் பார்த்தால்தான் தெரியும். ரத்தம் படுவது, பனிக்குட நீர் கசிவது, குழந்தை அசைவு குறைவது, காய்ச்சலோடு நீர்க்கடுப்பு, கால் அல்லது தொடை இடுக்கு மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்பாடு திடீரென்று போவது எதுவானாலும் இதே பதில்தான், நள்ளிரவாக இருந்தாலும்.