குந்தியை நடுவில் வைத்து வரையுங்கள்

கேள்வி: கொலுவுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்ட, பேத்தி சார்ட் பேப்பரில் பாரதக் குடும்ப மரம் வரைகிறாள். குந்தி கண்ணனுக்கு அத்தை என்றால், அவள் மகன் அர்ஜுனன் கண்ணனின் தங்கையை எப்படிக் கட்டினான் என்கிறாள். கர்ணனை எங்கே எழுதுவது?
- ஒரு வாசகி, திருவல்லிக்கேணி, சென்னை

பதில்: பேத்தி சந்தனுவில் ஆரம்பித்திருப்பாள். அப்படி வரைந்தால் பாண்டுவின் ஓரத்தில் ஒட்டிய மருமகளாகக் குந்தி நின்றுவிடுவாள். அவள் பிறந்த வீட்டுக்குத் தாளில் இடமே மிஞ்சாது. சார்ட்டைக் குறுக்குவாட்டில் வைத்து, நடுவில் குந்தியை எழுதச் சொல்லுங்கள். இடப்பக்கம் பிறந்த வீடு, வலப்பக்கம் புகுந்த வீடு. சத்தியவதி முதல் பரீட்சித்து வரை ஆறு வரிசை போதும். குந்தி மூன்றாவதில் வருவாள்.

இடப்பக்கத்தில் குந்தியின் தகப்பனார், யாதவர் குலத்துச் சூரன். வசுதேவர், குந்தி, சுருதசிரவை மூவரும் அவர் மக்கள். பிள்ளையில்லாத தம் அத்தை மகன் குந்திபோஜனுக்கு முதல் குழந்தையைத் தருவதாகச் சொல்லியிருந்தார் சூரன். அப்படித் தத்துப் போனவள்தான் பிருதை என்ற குந்தி. பிறப்புக்கு முழுக்கோடு, வளர்ப்புக்குப் புள்ளிக்கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பேத்தியின் கேள்வி. வசுதேவர் அர்ஜுனனுக்குத் தாய்மாமன். சுபத்திரை மாமன் மகள், அதாவது முறைப்பெண். நம் பக்கத்தில் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். சுருதசிரவையின் மகன் சிசுபாலன் கண்ணனுக்கு அத்தை மகன். அர்ஜுனனுக்கோ அண்ணன் தம்பி முறை. அத்தைக்குக் கொடுத்த வாக்குக்காகத்தான் கண்ணன் அவனுடைய நூறு பிழைகளைப் பொறுத்தான்.

கர்ணனுக்குக் குந்தியிலிருந்து முழுக்கோடு, அதிரதன், ராதை தம்பதியிடமிருந்து புள்ளிக்கோடு. பாண்டுவிடமிருந்து எதுவும் போடக்கூடாது. பலர் தவறுவது இங்கேதான். இந்த முழுக்கோடு தருமருக்கே போர் முடிந்து நீர்க்கடன் செலுத்தும்போதுதான் தெரிந்தது.

நகுல சகாதேவருக்கு முழுக்கோடு மாத்ரியிடமிருந்து வர வேண்டும், குந்தி வளர்த்தவள். தேவர்களை அழைத்துப் பிள்ளை பெறும் மந்திரத்தை இளையாளுக்கு ஒரு தடவை சொல்லிக் கொடுத்தாள். அவள் அசுவினி தேவர்களை அழைத்து இரட்டையராகப் பெற்றுக்கொண்டாள். இன்னொரு தடவை சொல்லிக் கொடு என்று பாண்டு கேட்டபோது, ஏமாந்துவிட்டேன், இனி முடியாது என்று மறுத்தாள் குந்தி. சக்களத்திக் கசப்பு அந்த வீட்டிலும் இருந்தது. ஆனால் பிள்ளைகள் வனவாசம் புறப்படும்போது குந்தி பிரிய மனமில்லாமல் தவித்தது மாத்ரியின் மகன் சகாதேவனுக்காக. மாத்ரிக்கு அண்ணன் சல்லியன். போரில் இவர் துரியோதனன் பக்கம் நின்றதால் மருமகன்களோடு கோடு போடப் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள்.

காந்தாரி மூத்த ஓரகத்தி. பாண்டவர்களுக்குப் பெரியம்மா, துரியோதனனுக்குக் குந்தி சித்தி. நூறு பெயரையும் எழுத இடமிராது. துரியோதனன், துச்சாதனன், விகர்ணன், தங்கை துச்சலை போதும்.

பேரன்களில் முதலில் வர வேண்டியவன் கடோத்கஜன். இடும்பியை ஏற்றுக்கொள்ளும்படி பீமனுக்குச் சொன்னதே குந்திதான். திரௌபதியின் ஐந்து பிள்ளைகளும் அசுவத்தாமன் கையில் மாண்டார்கள். அபிமன்யுவின் மகன் பரீட்சித்துதான் குலத்துக்கு மிஞ்சினான். அவனிடமிருந்து கோட்டை மேலே இழுத்துப் பாருங்கள். அர்ஜுனன் வழியாகப் போனாலும் சுபத்திரை வழியாகப் போனாலும் சூரனிடம்தான் முடியும். அத்தினாபுரத்து அரியணை கடைசியில் போய்ச் சேர்ந்தது குந்தியின் பிறந்த வீட்டு ரத்தத்துக்கு. சந்தனுவில் தொடங்கும் மரத்தில் இது கண்ணிலேயே படாது.

விதுரரை விட்டுவிடாதீர்கள். திருதராட்டிரன், பாண்டு வரிசையில் மூன்றாவதாக, சத்தியவதியின் மகன் வியாசரிடமிருந்து முழுக்கோடு போட்டு எழுதுங்கள். தாய் அம்பிகையின் பணிப்பெண். பிள்ளைகள் காட்டில் 12 வருடமும் ஒளிந்து ஒரு வருடமுமாக இருந்த 13 வருடமும் குந்தி தங்கியது இந்தக் கொழுந்தன் வீட்டில்தான்.