ரெகுலேட்டரைப் படம் எடுக்கும் பிள்ளை

கேள்வி: அக்கா, நாங்கள் அய்யர் பங்களா பக்கம் குடியிருக்கிறோம். என் மனைவி மேலூரில் டீச்சர். காலை 7 மணிக்கே கிளம்பிவிடுவாள். 2 வருஷமாக கேஸை மூடினோமா, கதவைப் பூட்டினோமா என்று ஒரே சந்தேகம். திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பாள். 4, 5 தடவை ஒத்தக்கடையில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பி வந்திருக்கிறாள். இப்போது ஏழாவது படிக்கும் என் மகள் பள்ளிக்குக் கிளம்பும்போது ரெகுலேட்டரைப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுவதால் அந்தத் தொல்லை இல்லை. டாக்டர் இதை ஓசிடி என்கிறார், வேண்டாத எண்ணம் வந்து ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிற மனநோயாம். வாரம் ஒரு தடவை, 15 வாரம் சிபிடி என்ற பேச்சு சிகிச்சை எடுக்கச் சொல்கிறார். தடவைக்கு 1,000 ரூபாய். வெறும் பேச்சுக்கு இவ்வளவா? மாத்திரை போதாதா? மாமியார் பாண்டி கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டிருக்கிறார்.
— பெயர் வேண்டாம், மதுரை

பதில்: தம்பி, பணக் கணக்குக்கு அப்புறம் வருகிறேன். ‘அந்தத் தொல்லை இல்லை’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். யாருக்கு இல்லை? உங்களுக்கு இல்லை. ஆட்டோ வாசலில் ஹாரன் அடிக்க, ஷூ காலோடு அடுப்படிக்குள் போய், சிலிண்டர் பக்கம் குனிந்து படம் எடுக்கிறதே ஒரு பிள்ளை, அதற்கு? படம் மங்கலாக விழுந்தால் ‘குமிழ் சரியாத் தெரியலம்மா, இன்னொண்ணு அனுப்பு’ என்று பதில் வந்திருக்கும். நான் பக்கத்தில் இருந்து பார்க்கவில்லை. சந்தேகமாக இருந்தால் மகளைக் கூப்பிட்டுக் கேளுங்கள், ஒரு நாளைக்கு எத்தனை படம் என்று.

கோபத்தோடு எழுதுகிறேன் என்று நினைத்தால் சரிதான். எங்கள் சித்திக்குக் கை கழுவுகிற வியாதி இருந்தது. பிள்ளைகள் நாங்கள் மாறி மாறி அடிபம்பில் தண்ணீர் அடித்து ஊற்றுவோம். சித்தி மேல் எங்களுக்கு அவ்வளவு பாசம் என்று தெருவே மெச்சியது. குடம் கூடக் கூட சித்தியின் கையும் வெந்து போனது. தண்ணீர் அடித்தவர்களில் நானும் ஒருத்தி.

உங்கள் வீட்டில் நடப்பதும் அதுதான். கேஸ் திறந்திருக்குமோ என்று ஒரு எண்ணம் வருகிறது. நெஞ்சு படபடக்கிறது. போய்ப் பார்த்தால், அல்லது படம் வந்தால், படபடப்பு சட்டென்று இறங்குகிறது. அந்த நிம்மதிதான் வியாதிக்குத் தீனி. ‘பார்த்ததால்தான் வீடு தப்பித்தது’ என்று மனசு பாடம் படித்துக்கொள்கிறது, மறுநாள் இன்னும் சீக்கிரமாகக் கேட்கிறது. முதலில் ஒரு தடவை பார்த்தால் போதுமாக இருந்தது, அப்புறம் ஒத்தக்கடையிலிருந்து திரும்ப வேண்டியிருந்தது, இப்போது படம் வேண்டும். நாளைக்கு வீடியோ கால் கேட்கும்.

அந்த எண்ணம் வருவதே வியாதி இல்லை. 1978-ல் லண்டனில் ஸ்டான்லி ராக்மன், பத்மல் டி சில்வா என்ற இரண்டு உளவியலாளர்கள் எந்த மனநோயும் இல்லாதவர்களிடம் விசாரித்துப் பார்த்தார்கள். இதே மாதிரி வேண்டாத எண்ணங்கள் அவர்களில் பெரும்பாலோருக்கும் வந்துகொண்டிருந்தன. வந்ததைக் கண்டுகொள்ளாமல் அவர்கள் வேலையைப் பார்த்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். உங்கள் மனைவிக்கோ அந்த எண்ணத்தோடு ‘ஏதாவது ஆனால் நான்தான் பொறுப்பு’ என்பதும் ஒட்டிக்கொண்டு வருகிறது.

சிபிடி-யில் இந்தப் பொறுப்பைத்தான் பிரித்துப் போடுவார்கள். தாளில் ஒரு வட்டம் போட்டு, கேஸ் கசிந்தால் யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்று கூறு போடச் சொல்வார்கள். டியூப்புக்கு ஒரு கூறு, ரெகுலேட்டருக்கு ஒரு கூறு, கடைசியாக அடுப்பைத் தொட்டவருக்கு ஒரு கூறு. அவள் 7 மணிக்குப் போன பிறகு வீட்டில் டீ போட்டுக் குடிப்பது யார், தம்பி? அந்த வட்டத்தில் உங்கள் பெயரும் வரும்.

அதற்கப்புறம்தான் கடினமான பகுதி. எது எவ்வளவு பயம் என்று 100-க்கு மார்க் போட்டுப் பட்டியல் எழுதுவார்கள். கதவை ஒரே தடவை பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவது 30 என்றால், படமே கேட்காமல் மேலூர் வரை போவது 90. குறைந்த மார்க்கிலிருந்து ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும். பயம் ஏறும். திரும்பிப் பார்க்கக் கூடாது, யாரிடமும் கேட்கக் கூடாது, பஸ்ஸில் அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும். யாரும் எதுவும் செய்யாமலே அது மெல்ல அடங்குவதை அவளே பார்ப்பாள். முதல் தடவை நேரமாகும், பத்தாவது தடவை அவ்வளவு ஆகாது. 1966-ல் விக்டர் மேயர் என்பவர் லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் 2 நோயாளிகளிடம் இதைச் செய்து காட்டும் வரை, இந்த வியாதிக்கு வழியே இல்லை என்றுதான் டாக்டர்கள் கையை விரித்திருந்தார்கள்.

இதையா வெறும் பேச்சு என்கிறீர்கள்? வாரத்தில் பேசுவது ஒரு மணி நேரம். மிச்ச 6 நாளும் வீட்டுப்பாடம். டீச்சரம்மாவுக்கு அது புரியும், உங்களுக்குத்தான் புரியவில்லை.

மாத்திரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதுவும் ஓசிடி-க்கு வேலை செய்யும், பலன் தெரியப் பல வாரம் ஆகும். இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதும் உண்டு. அதை டாக்டர் முடிவு செய்யட்டும், நீங்களாக ஆரம்பிக்கவோ நிறுத்தவோ வேண்டாம். கயிறு இருந்துவிட்டுப் போகட்டும். பாண்டி முனீஸ்வரர் மேல் எனக்கும் பக்தி உண்டு. ஆனால் பயம் வரும்போதெல்லாம் அந்தக் கயிற்றைத் தொட்டுப் பார்க்கிறாளா என்று கவனியுங்கள். அப்படித் தொட்டால் அதுவும் இன்னொரு போட்டோதான். சிகிச்சை தருபவரிடம் சொல்லிவிடுங்கள்.

பணத்துக்கு வருவோம். பங்காளி வீட்டுக் காதுகுத்துக்குச் செய்முறை செய்யக் கடன் வாங்குகிற ஊர் நம்முடையது. கட்டிய பெண்டாட்டிக்கு 15,000 என்றால் மட்டும் விரல் மடக்குகிறோம். நிஜமாகவே முடியாது என்றால் பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, போய்க் கேளுங்கள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் 14416-க்குப் போன் போடுங்கள். டெலி மானஸ் என்று மத்திய அரசு 2022-ல் தொடங்கியது, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

படத்தை நாளைக்கே நிறுத்திவிட்டு அவளைத் தவிக்க விடாதீர்கள். சிகிச்சைக்கு நீங்களும் கூடப் போய் உட்காருங்கள். எந்த வாரம் எதை நிறுத்துவது என்று அவள் சம்மதத்தோடு, சிகிச்சை தருபவரையும் சேர்த்து மூன்று பேரும் பேசி முடிவு செய்யுங்கள். அதற்கப்புறம் அவள் கேட்டால் ‘இதுக்குப் பதில் சொல்றதில்லைன்னு பேசி வச்சிருக்கோம்மா, நான் பக்கத்துலதான் இருக்கேன்’ என்று சொல்லுங்கள். எரிந்து விழாமல் சொல்ல வேண்டும், அதற்கு உங்களுக்கும் பழக்கம் வேண்டும்.

பிள்ளை விஷயத்தில் மட்டும் தவணை கிடையாது. சிகிச்சை தொடங்கும் வரை படம் போயே ஆக வேண்டும் என்றால் அனுப்புவது நீங்களாக இருங்கள். காலையில் டீ டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ரெகுலேட்டரை நீங்களே மூடுங்கள். பிள்ளை ரிப்பனைக் கட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறட்டும்.